மூன்றாம் ராஜா வந்த விமானம்

மாடியில் காயப்போட்ட துணிகளை மார்போடு அள்ளிக்கொண்டு இறங்கினேன். தூறல் விழ ஆரம்பித்திருந்தது. படி முடிந்துவிட்டது என்று நினைத்துக் காலை வைத்தேன். இன்னும் ஒரு படி இருந்தது. துணிக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் வலது கணுக்காலில் விரிசல், முழங்கால் வரைக்கும் மாவுக்கட்டு. ஆறு வாரத்துக்குக் காலைத் தரையில் ஊன்றக் கூடாது என்று சொல்லி அனுப்பிவிட்டார் டாக்டர்.

நான் ரெட்டியார்சத்திரம் பக்கம் ஒரு பள்ளியில் வேதியியல் ஆசிரியை. நாள் முழுக்கக் கத்திப் பழகிய தொண்டை. திண்டுக்கல்லில் எங்கள் வீட்டில் கத்துவதற்கு ஆள் இல்லை. மகன் கோயம்புத்தூரில் கல்லூரி விடுதியில் இருந்தான். கணவர் கொடைரோட்டில் ஓர் அலுவலகத்தில் எழுத்தர். காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம்தான் திரும்புவார். அவர் வீட்டிலிருக்கும் கொஞ்ச நேரத்தில் சமையலும் அவர் தலையில் விழுந்தது. கூடத்தில் உட்கார்ந்தபடியே, அடுப்படியிலிருந்து வரும் வாசனையை வைத்துக் குறை சொல்லும் வித்தையை நான் சீக்கிரமே கற்றுக்கொண்டேன்.

"கடுகு கருகுது!"

"கருகல. செவக்குது. நீ செத்த நேரம் சும்மா இரு."

சும்மா இருப்பதுதான் எனக்கு வராத ஒன்று. அந்த நிலையில்தான் அந்தப் பெட்டி என் கண்ணில் பட்டது. கண்ணில் பட்டது என்பதைவிட, காலடியில் கிடந்தது என்பதுதான் சரி. கட்டுப் போட்ட காலை உயரமாக வைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தலையணை போதவில்லை என்று கணவர் பீரோ மேலிருந்து ஓர் அட்டைப்பெட்டியை எடுத்துத் தலையணைக்குக் கீழே கொடுத்திருந்தார். சிங்கப்பூரில் இருக்கும் என் தம்பி தன் மருமகனுக்கு, அதாவது என் மகனுக்கு, கொடுத்தனுப்பியது. தம்பியின் நினைப்பில் என் மகன் இன்னும் ஆறாம் வகுப்பிலேயே இருக்கிறான். அவன் கல்லூரிக்குப் போன பிறகு வந்து சேர்ந்த பெட்டியை யாரும் பிரிக்கவே இல்லை.

பெட்டியின் பக்கவாட்டில் ஒரு விமானத்தின் படம். மேலே ஒன்று கீழே ஒன்றாக இரட்டை இறக்கை வைத்த, நூறு வருஷத்துக்கு முந்தைய போர் விமானம். ஓட்டுகிறவர் தலை திறந்தவெளியில் தெரிந்தது. என் காலுக்குக் கீழே அது பறந்துகொண்டிருப்பதை மூன்று நாள் பார்த்தேன். நான்காம் நாள் கட்டுப் போட்ட காலைக் கீழே இறக்கிவிட்டுப் பெட்டியை மடியில் வைத்துப் பிரித்துவிட்டேன்.

உள்ளே விமானம் இல்லை. சாம்பல் நிறப் பிளாஸ்டிக் சட்டங்கள்தான் இருந்தன. ஒவ்வொரு சட்டத்திலும், கொடியில் காய் தொங்குவது மாதிரி, சின்னச் சின்னப் பாகங்கள். கூடவே எழுத்தே அதிகம் இல்லாமல் படங்களாக ஒரு விளக்கப் புத்தகம். எதை எதோடு ஒட்ட வேண்டும், எதற்கு என்ன வண்ணம் என்று அம்புக்குறி போட்டுக் காட்டியிருந்தது. பசையோ வண்ணமோ பெட்டியில் இல்லை. அதெல்லாம் நம் பாடு.

சாயங்காலம் வந்த கணவர் சாப்பாட்டு மேசையைப் பார்த்துத் திகைத்தார்.

"என்னது இது? எதையாச்சும் ஒடச்சுட்டியா?"

"இனிமேத்தான் சேக்கணும்."

"இம்புட்டையுமா?"

"இம்புட்டையும்தான்."

அவர் ஒரு பாகத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "உளுத்தம்பருப்புல பாதி இருக்கு. உனக்குப் பேப்பர் படிக்கவே ரெண்டு கண்ணாடி வேணும்" என்றார். அவர் சொன்னது உண்மைதான் என்பதால் கோபம் வந்தது. கோபம் வந்தால் எனக்கு வேலை ஓடும்.

கருவிகள் எல்லாம் வீட்டிலேயே கிடைத்தன. சட்டத்திலிருந்து பாகத்தை வெட்ட நகவெட்டி. பிடித்து ஒட்டப் புருவம் திருத்தும் இடுக்கி. தேய்க்க உப்புத்தாள். உற்றுப் பார்க்கப் பூதக்கண்ணாடி. ஒட்டிய இடம் காயும் வரை கவ்விக்கொள்ளத் துணி கிளிப். பசையையும் வண்ணங்களையும் மட்டும் கணவர் கொடைரோட்டிலிருந்து வரும் வழியில் வாங்கி வந்தார். "கரும்பச்சை" என்று எழுதிக் கொடுத்ததற்குக் கிளிப்பச்சையைக் கொண்டுவந்தார். அதில் கறுப்பையும் பழுப்பையும் துளித்துளியாகக் கலந்து இருட்டாக்கினேன். முப்பது வருஷமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த கலவைப் பாடம் எனக்கே உதவியது அன்றைக்குத்தான்.

முதலில் ஓட்டுநரைச் செய்ய வேண்டியிருந்தது. அவர் உட்காரும் குழியை மூடுவதற்கு முன்பே அவருக்கு வண்ணம் பூசிவிட வேண்டும். சுண்டுவிரல் நகத்தை விடக் கொஞ்சம் உயரமான மனிதர். புத்தகத்தில் முகத்துக்கு வெளிர் ரோஜா நிறம் போட்டிருந்தது. என்னிடம் ரோஜா இல்லை, பழுப்பு இருந்தது. ஆகவே அவர் நம்ம ஊர்க்காரர் ஆனார். ஒரு மீசையும் வைத்தேன்.

"யாரு சாடைல இருக்காரு?" என்று கேட்டேன்.

கணவர் பூதக்கண்ணாடியை வாங்கிப் பார்த்தார். "எங்க சித்தப்பா மாதிரி இருக்காரு. அவரு சைக்கிளே ஓட்டமாட்டாரு."

ஓட்டுநரை அவர் இருக்கையில் ஒரு பொட்டுப் பசையில் உட்கார வைத்தேன். எஞ்சினுக்குக் கறுப்புப் பூசி, மேலே பென்சில் தூளை விரலால் தேய்த்தேன். நிஜ இரும்பு மாதிரி மினுங்கியது. எனக்கே பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமையில்தான் மேல் இறக்கையை ஒட்டும்போது கைவிரலில் பசை பட்டதைக் கவனிக்கவில்லை. பச்சை இறக்கையின் நடுவில் என் கட்டைவிரல் ரேகை பத்திரப்பதிவு ஆபீசில் வைத்த மாதிரி பளிச்சென்று விழுந்துவிட்டது.

காய்ந்த பிறகு தேய்த்துக்கொள்ளலாம் என்று நான் சாப்பிட உட்கார்ந்தேன். கணவருக்கு உதவும் எண்ணம் வந்துவிட்டது. அவர் உதவி செய்யும்போது முன்கூட்டிச் சொல்வதில்லை. அலமாரியிலிருந்து நகச்சாயம் அழிக்கும் திரவத்தை எடுத்து, பஞ்சில் நனைத்து, ரேகையைத் துடைத்தார்.

"ஏம்மா, வந்துருச்சு பாரு" என்று சந்தோஷமாகச் சொன்னார். ரேகை வந்தது. வண்ணம் வந்தது. கீழே இருந்த பிளாஸ்டிக்கும் பஞ்சோடு வந்துகொண்டிருந்தது. வெயிலில் வைத்த மிட்டாய் மாதிரி இறக்கை இளகி, நடுவில் பள்ளம் விழுந்துவிட்டது.

நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு அக்கா சுவர் மேல் எட்டிப் பார்த்து, "டீச்சர், மறுபடி விழுந்துட்டீகளா?" என்று கேட்டார்.

அவர் சித்தையன்கோட்டையிலிருந்து இந்தத் தெருவுக்கு வாக்கப்பட்டு வந்தவர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். நான் படுத்ததிலிருந்து தினம் கூட்டு, பொரியல் என்று ஏதாவது ஒரு வெஞ்சனம் அவர் வீட்டிலிருந்து எங்களுக்கு வந்துகொண்டிருந்தது. கணவரின் ரசத்தை நாங்கள் தாண்டி வந்தது அந்தக் கிண்ணங்களின் துணையில்தான்.

அன்று ராத்திரி நான் கணவரோடு பேசவில்லை. படுத்த பிறகுதான் புத்தியில் உறைத்தது. பிளாஸ்டிக்கைக் கரைக்கும் திரவம் கையில் இருக்கிறது. மிச்சச் சட்டங்கள் குப்பையில் கிடக்கின்றன. காலையில் சட்டத்துண்டுகளை நறுக்கிப் பழைய கண்மை டப்பாவில் போட்டு, அதே திரவத்தை ஊற்றி மூடி வைத்தேன். சாயங்காலம் கெட்டியான கூழ் தயார். அதைப் பள்ளத்தில் அப்பி, காயவிட்டு, உப்புத்தாளால் தேய்த்தேன். சுவருக்குப் பட்டி பார்ப்பது போலத்தான். வண்ணம் பூசிய பிறகு எங்கே பள்ளம் இருந்தது என்று எனக்கே தெரியவில்லை.

"நான் அழிச்சதுனாலதான உனக்கு இந்த மருந்து தெரிஞ்சுச்சு" என்றார் கணவர். அவரை மன்னிப்பதற்கு இருந்த ஒரே தடையும் அதோடு போய்விட்டது, சிரித்துத் தொலைத்தேன்.

அடுத்தது கம்பி கட்டும் வேலை. அந்தக் காலத்து விமானங்களில் மேல் இறக்கையையும் கீழ் இறக்கையையும் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டிய கம்பிகள்தான் தாங்கிப் பிடிக்கும். பெட்டியில் கம்பி இல்லை; புத்தகத்தில் கோடு மட்டும் போட்டிருந்தார்கள். தையல் நூலைக் கட்டிப் பார்த்தேன். விமானத்துக்குத் தேர்வடம் கட்டிய மாதிரி தடியாக இருந்தது. மீன்பிடி நரம்பும் சரிவரவில்லை. யோசித்துக்கொண்டே தலையைக் கோதினேன். விரலில் ஒரு முடி வந்தது. வெள்ளை முடி. ஜன்னல் வெளிச்சத்தில் எஃகுக் கம்பி போலவே மின்னியது.

எனக்குத் தலைக்குச் சாயம் பூசும் வழக்கமில்லை. கறுப்பை மேலே வாரி, வெள்ளையை உள்ளே மறைக்கும் தந்திரம்தான். மறைத்து வைத்த சொத்தை வெளியே எடுக்க ஆள் வேண்டியிருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கணவரைப் பின்னால் உட்கார வைத்து இடுக்கியைக் கையில் கொடுத்தேன். அவர் ஒவ்வொன்றாகப் பிடுங்கி, ஒரு வெள்ளைத்தாளில் வரிசையாக வைத்தார்.

"நீளமானதா எடுங்க."

"பொறு, பொறு. இந்தா ஒண்ணு சிக்கிருச்சு."

அந்த நேரம் பார்த்துத்தான் அக்கா கத்திரிக்காய்க் கூட்டோடு உள்ளே வந்தார். கதவருகிலேயே நின்றுவிட்டார்.

"ஆத்தி! சார் உங்களுக்குப் பேன் பாக்குறாரா டீச்சர்?"

"இல்லக்கா, இது விமானத்துக்கு" என்றேன். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு மோசமான பதில் என்று புரிந்தது. அக்கா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கூட்டை மேசையில் வைத்து, வந்த வழியே போனார்.

மறுநாளுக்குள் சேதி தெரு முழுக்கப் பரவிவிட்டது. ஆனால் நான் பயந்த மாதிரி இல்லை. "டீச்சரு நடக்க முடியாம கெடக்காங்கன்னு அந்த மனுசன் பேன்கூடப் பாக்குறாரு. நீங்களும் இருக்கீகளே" என்று மூன்று வீடுகளில் கணவன்மார்களுக்குத் திட்டு விழுந்ததாம். பால் வாங்கப் போன என் கணவரை அதில் ஒருவர் நிறுத்தி, "சார், கொஞ்சம் அடக்கி வாசிங்க" என்று கேட்டுக்கொண்டாராம்.

முடியைக் கட்டியதும் விமானத்துக்கு உயிர் வந்துவிட்டது. ஒரு முனையை ஒட்டி, மறுமுனையை இறக்கையில் ஊசியால் போட்ட துளையில் விட்டு இழுத்து, துணி கிளிப்பைத் தொங்கவிட்டுக் காயவைத்தேன். முடிகள் வீணைத் தந்தி போல விறைப்பாக நின்றன. மழை நாளில் மட்டும் கொஞ்சம் தொய்ந்தன. ஈரத்தில் முடி நீளும். வெயில் வந்தால் தானாக இறுகிக்கொண்டன. கணவர் குடை எடுக்கலாமா வேண்டாமா என்று காலையில் இறக்கையைப் பார்த்து முடிவுசெய்ய ஆரம்பித்தார்.

கடைசியாக எஞ்சினுக்குப் பின்னால் இரண்டு துப்பாக்கிகள். குண்டூசித் தலையை விட மெல்லிய குழல்கள். அவற்றின் வாயில் ஊசியால் துளைகூடப் போட்டேன். அந்தத் துளையைப் பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் பூதக்கண்ணாடி கொடுத்தேன்.

அதற்குள் கிறிஸ்துமஸ் நெருங்கிவிட்டது. எங்கள் அன்பியத்தின் குடிலை, அதாவது இயேசு பிறந்த மாட்டுத்தொழுவத்தை, ஒவ்வொரு வருஷமும் ஒரு வீட்டு வாசலில் வைப்பது வழக்கம். அன்பியம் என்பது ஒரு தெருக் கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்து ஜெபிக்கும் குழு. நான் நடக்க முடியாது என்பதால் இந்தமுறை எங்கள் வாசலிலேயே வைப்பது என்று முடிவானது. அக்கா எங்கள் மதம் இல்லை. ஆனால் குடிலுக்கு வைக்கோல் வருஷா வருஷம் சித்தையன்கோட்டையில் அவர் அண்ணன் வயலிலிருந்துதான் வரும். வேறு வைக்கோல் போட்டால் கோபித்துக்கொள்வார்.

சொரூபங்களை வைத்திருந்த பெட்டியைக் கணவர் பரணிலிருந்து இறக்கினார். பெட்டியின் அடி ஈரத்தில் ஊறிப்போயிருந்தது. மாதாவும் சூசையப்பரும் பிழைத்தார்கள். ஆடு மாடு பிழைத்தன. குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்களில் இரண்டு பேர் பிழைத்தார்கள். மூன்றாம் ராஜா அடிவழியாக நழுவிச் சிமெண்டுத் தரையில் விழுந்து சுண்ணாம்புத் தூளாகிவிட்டார். ஒட்டுவதில் இவ்வளவு தேறிய என்னாலேயே ஒன்றும் செய்ய முடியவில்லை. ராஜாவைத் தனியாகக் கேட்டுக் கடைகளில் ஏறி இறங்கினார் கணவர். ஒரு ராஜாவைத் தனியாக யாரும் விற்பதில்லையாம்; முழுக் குடும்பத்தோடுதான் தருவார்களாம்.

வைக்கோல் பரப்பிக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்தார். "ராசாதான வேணும்? அதான் உங்க ஃப்ளைட்டுல ஒருத்தரு மீசையோட உக்காந்திருக்காருல்ல. ஒட்டகத்துல ரெண்டு பேரு வந்தா ஒருத்தரு ஃப்ளைட்டுல வரக்கூடாதா?"

கணவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும்.

"வேணாம்" என்றேன். "தொட்டா ஒடஞ்சுரும்."

"மேல கட்டித் தொங்க விட்டுருவோம். யாரும் தொட மாட்டாங்க."

"அது சண்டை போடுற விமானங்க. துப்பாக்கி இருக்கு."

"அதுதான் சங்கடம்" என்றார் அக்கா. "பச்சப்புள்ளயப் பாக்க வாரவுக துப்பாக்கியோடயா வருவாக?"

நான் வீம்புக்குச் சொன்ன காரணம்தான். ஆனால் அக்கா சொன்ன விதத்தில் அது என்னைப் பிடித்துக்கொண்டது. அவர்கள் இருவரும் வைக்கோலைக் கவனிக்கப் போன பிறகு விமானத்தை முன்னால் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தேன். அந்தக் குழலில் துளை போட எத்தனை சாயங்காலம்! பிறகு நகவெட்டியை எடுத்தேன். கட், கட் என்று இரண்டு சத்தம். வலித்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். வலிக்கத்தான் செய்தது.

துப்பாக்கி இருந்த இடம் வெறுமையாகத் தெரிந்தது. மூன்று ராஜாக்களில் ஒருவர் கொண்டுவருவது வெள்ளைப்போளம் என்ற வாசனைப் பிசின். அதற்கு நான் எங்கே போவது? ஒரு கிராம்பை மிட்டாய்த் தாளின் தங்க நிறத்தில் சுற்றி, அங்கே வைத்துக் கட்டினேன். அதே தாளில் ஒரு கிரீடம் செய்து ஓட்டுநர் தலையில் ஒட்டினேன். அதற்காக அவரை இருக்கையிலிருந்து பெயர்த்தெடுத்து, மறுபடி லேசாக ஒட்டி வைத்தேன்.

வாசல் கம்பியிலிருந்து குடில் வரை மீன்பிடி நரம்பைச் சரிவாகக் கட்டி, விமானத்தை அதில் தொங்கவிட்டார் கணவர். குடில்களைப் பார்த்துப் பரிசு கொடுக்கப் பங்குத்தந்தை ஒரு மாலை வந்தார். குடிலை உற்றுப் பார்த்து விரலால் எண்ணினார்.

"ராஜா ரெண்டு பேருதான் இருக்காங்க. இன்னொருத்தர் எங்க?"

"வந்துக்கிட்டே இருக்காரு ஃபாதர்" என்றார் கணவர். "மேல பாருங்க."

ஃபாதர் மேலே பார்த்தார். எனக்கு மாவுக்கட்டுக்குள் வியர்த்தது. பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டே போனார்.

"குழந்தையக் கொல்லச் சொல்லி ஏரோது ராஜா அனுப்பின ஆளில்லையே?"

"சத்தியமா இல்ல சாமி" என்று அக்கா முந்திக்கொண்டார். "துப்பாக்கியெல்லாம் புடுங்கியாச்சு."

ஃபாதர் வயிறு குலுங்கச் சிரித்தார். ஆனால் பரிசு அடுத்த தெருவுக்குப் போனது; அவர்கள் குடிலில் நிஜமாகவே தண்ணீர் ஓடியது. எங்களுக்கு ஆறுதல் பரிசாக ஒரு பிளாஸ்டிக் அன்னக்கூடை.

எங்கள் குடிலுக்குக் கூட்டம் குறையவில்லை. ராஜாக்கள் திருநாள் கிறிஸ்துமஸ் முடிந்து ஜனவரியில்தான் வரும். அதுவரை தினம் சாயங்காலம் விமானத்தைக் குடிலை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துவது என்று கணவர் முடிவு செய்தார். ராஜாக்கள் கிழக்கிலிருந்து வந்தவர்கள் என்பதால் ஊருக்குக் கிழக்கே போகும் நத்தம் ரோட்டைப் பிடித்துக்கொண்டார். தெருப் பிள்ளைகள் வந்து நிற்பார்கள். "இன்னிக்கி ராஜா நத்தத்தத் தாண்டிட்டாரு" என்று அறிவிப்பார். மறுநாள் கோபால்பட்டி. அதற்கு மறுநாள் சாணார்பட்டி.

அக்காவுக்கு இதில் ஒரு மனத்தாங்கல். "எங்க ஊரு மேல வரலையா சார்?"

"சித்தையன்கோட்டை மேக்க இருக்குக்கா. ராஜா கெழக்கேயிருந்துல்ல வாராரு."

"அம்புட்டுத் தூரத்துலருந்து வந்தவருக்கு இந்தா இருக்குற எங்க ஊரு தூரமாப் போச்சாக்கும். வைக்கோலு மட்டும் எங்க ஊருது வேணும்."

மறுநாள் ராஜா வழிதவறித் திண்டுக்கல்லைத் தாண்டி, சித்தையன்கோட்டை மேல் ஒரு வட்டம் அடித்துவிட்டுத் திரும்பியதாக அறிவிப்பு வந்தது. அக்கா அன்றைக்குப் பணியாரம் சுட்டுக் கொண்டுவந்தார்.

புது வருஷம் பிறந்து எனக்குக் கட்டைப் பிரித்தார்கள். கால் யாருடைய காலோ மாதிரி இருந்தது. கைத்தடியோடு வாசல் வரை நடக்கத் தேறியபோது ராஜாக்கள் திருநாள் வந்துவிட்டது. பூசை முடிந்து ஃபாதரும் எங்கள் வாசலுக்கு வந்துவிட்டார். பாதித் தெரு கூடியிருந்தது. குடிலுக்கு முன்னால் அக்கா வைக்கோலைத் தட்டிச் சமமாக்கி ஓடுதளம் போட்டிருந்தார். விமானத்தைக் கட்டியிருந்த நூலை என் கையில் கொடுத்தார்கள். நான் மெல்ல விட்டேன்.

அழகாகத்தான் இறங்கியது. இரண்டு சக்கரமும் ஒன்றாக வைக்கோலைத் தொட்டன. அடுத்த நொடி ஒரு சக்கரத்தில் வைக்கோல் சுற்றிக்கொள்ள, விமானம் மூக்கைத் தரையில் குத்தி, வாலைத் தூக்கிக்கொண்டு நின்றது. காற்றாடியில் ஒரு கை ஒடிந்து பறந்தது. லேசாக ஒட்டியிருந்த ராஜா இருக்கையிலிருந்து கழன்று, தலைகுப்புற உருண்டு, குழந்தை இயேசுவின் காலடியில் போய்க் குப்புற விழுந்தார். கிரீடம் கழலவில்லை.

கணவர் என் தோளில் கை வைத்தார்.

ஃபாதர் குனிந்து பார்த்தார். "மத்த ரெண்டு பேரும் வெறுமன நிக்கிறாங்க" என்றார். "இவரு ஒருத்தருதான் முறையா விழுந்து கும்பிட்டிருக்காரு."

முதலில் அக்காதான் கைதட்டினார். பிறகு தெருவே தட்டியது. நானும் கைத்தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தட்டினேன். அவரை யாரும் எடுக்க வேண்டாம், அப்படியே கிடக்கட்டும் என்று ஃபாதர் சொல்லிவிட்டதால் குடிலைப் பிரிக்கும் வரை அவர் கும்பிட்ட நிலையிலேயே இருந்தார்.

காற்றாடியைச் சரிசெய்ய ஒரு வாரம் ஆனது. தம்பி சிங்கப்பூரிலிருந்து வீடியோவில் கூப்பிட்டபோது காட்டினேன். "நல்லாத்தான் செஞ்சிருக்கேக்கா. ஆனா அந்தக் காலத்துல கிரீடம் வச்சா ஓட்டுனாங்க?" என்று கேட்டான். முழுக்கதையும் சொல்லி முடிப்பதற்குள் அவனுக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது.

பள்ளிக்குத் திரும்பிப் போய்க் கத்த ஆரம்பித்துவிட்டேன். இப்போது பிரச்சினை கணவர். அவருக்கு ஒரு ஹெலிகாப்டர் பெட்டி வந்திருக்கிறது. தம்பியிடம் எனக்குத் தெரியாமல் கேட்டு வாங்கியிருக்கிறார். அடுப்பில் எதையாவது வைத்துவிட்டு மேசைக்கு வந்தால் எழுவதே இல்லை. நேற்று நான் அடுப்படிப் பக்கம் போகும்போது பருப்பு அடிப்பிடித்துப் புகைந்துகொண்டிருந்தது. கூப்பிட்டேன்.

"வாரேன், வாரேன். விசிறிய ஒட்டிப் புடிச்சுக்கிட்டிருக்கேன். கைய எடுக்க முடியாது" என்றார்.

நான் அடுப்பை அணைத்துவிட்டுத் துணி கிளிப் இரண்டை எடுத்துக்கொண்டு போனேன்.